காற்றுப் புகாத கார்

வண்டி நாற்பதைத் தொட்டதும் இடது பக்கக் கதவு "உய்ய்ய்ங்" என்று ஊளையிட்டது.

வில்பிரட் காலைத் தளர்த்தினார். சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி "உய்ய்ய்ங்."

"என்ன சொன்னே?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

"நான் வாயே திறக்கலைங்க. கதவுதான் பேசுது."

ரத்தினபாய் ஜன்னல் கண்ணாடியின் மேல் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஊளை முனகலாகக் குறைந்தது. கையை எடுத்தாள். பழையபடி ஊளை.

"ஞாயித்துக்கிழமை பிஷப் ஐயாவையும் இப்படிக் கையை வச்சுக்கிட்டே வரச் சொல்லப் போறீங்களா?"

"கொஞ்சம் சும்மா இருக்கியா?"

"அசரியா அண்ணன் வண்டியில போனா..."

"அந்தப் பேரை இந்த வண்டிக்குள்ள எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

அவர் போட்ட சத்தத்தில், குரோம்பேட்டை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரத்தினபாய் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, தனக்கும் இந்த மனிதருக்கும் சம்பந்தமில்லாதது போல வெளியே பார்த்தாள்.

வில்பிரட் கெட்டவர் இல்லை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறவர். சபையில் கொயரில் பாடுகிறவர். தசமபாகக் காணிக்கை தவறாதவர். பத்துக் கட்டளைகளில் ஒன்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுத்தவன் பொருளை இச்சிக்காதே என்கிற கடைசிக் கட்டளையில்தான் அசரியா குறுக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

அசரியாவும் அதே சபை. ரயில்வேயில் கணக்குப் பிரிவு. இருவரும் ஒரே மாதத்தில், ஒரே மாதிரி பழைய வெள்ளைக் கார் வாங்கினார்கள். ஒரே கம்பெனி, ஒரே வருஷம். ஆனால் அசரியா சந்திக்கிற ஆளிடமெல்லாம், "ஐம்பதுல போனாலும் உள்ள என் கைக்கடிகாரத்தோட டிக் டிக் கேக்குது, பிரதர்!" என்பார். சொல்லிவிட்டு மணிக்கட்டை வேறு காதில் வைத்துக் காட்டுவார். வில்பிரட்டின் காரிலோ, பக்கத்தில் சர்ச் மணியையே அடித்தாலும் கேட்காது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தப் போட்டோக்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

வருஷா வருஷம் மே மாதம், பிள்ளைகளைச் சபையில் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயர், அதாவது பிஷப், வருவார். அவரைப் பட்டணத்திலிருந்து யார் காரில் கூட்டி வருகிறாரோ அவரேதான் திரும்பவும் கொண்டுபோய் விட வேண்டும். மதியச் சாப்பாட்டில் அவருக்குத்தான் பேராயர் பக்கத்து நாற்காலி. குரூப் போட்டோவிலும் அவருக்குத்தான் பக்கத்து இடம். நான்கு வருஷமாக அந்தக் கார் அசரியாவின் கார். நான்கு போட்டோக்களும் கோயிலில் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறைச் சுவரில் வரிசையாகத் தொங்கின. முதல் வருஷம் அசரியா பேராயர் பக்கத்தில் விறைப்பாக நின்றார். இரண்டாம் வருஷம் சிரித்தார். மூன்றாம் வருஷம் பேராயர் காதில் ஏதோ சொன்னார். நான்காம் வருஷம் பேராயர் தோளிலேயே கை போட்டிருந்தார். அது மட்டுமா? நான்காவது படத்தை மாட்டும்போதே அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துச் சுவரில் ஓர் ஆணி அடித்துவிட்டார், மகாபாவி.

ஒவ்வொரு ஞாயிறும் கொயர் அங்கியை மாட்டும்போது வில்பிரட் அந்த ஆணியைப் பார்ப்பார். வயிறு திகுதிகுவென்று எரியும். அந்த எரிச்சலோடு போய், சமாதானத்தைப் பற்றி டெனர் குரலில் பாடுவார்.

அப்படிப்பட்டவரைத்தான் போன வாரம் சபை ஆயர் எட்மண்ட் தனியாகக் கூப்பிட்டார்.

"வில்பிரட், இந்த வருஷம் பேராயரைக் கூட்டிட்டு வர உங்க வண்டி."

வில்பிரட்டுக்குக் காலடியில் தரை இருந்ததா என்று நினைவில்லை. "என் வண்டியா? ஐயா, நிஜமாவா?"

"பிஷப் வீட்டுலேருந்தே எழுதியிருக்காங்க. வண்டியை அப்படியே கொண்டு வாங்க. ரிப்பேர் கிப்பேர்னு ஒண்ணும் பண்ண வேண்டாம். சரியா?" ஆயர் ஒருமுறை இருமிக்கொண்டார்.

"அப்படியேயா?"

"அப்படியேதான்."

என்ன தாழ்மை! என்ன பெருந்தன்மை! வில்பிரட் கண் கலங்கிவிட்டார். கலங்கிய கண்ணோடு வீட்டுக்கு வந்தவர், முதல் காரியமாக ரிப்பேரில் இறங்கினார். பேராயர் எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவார். அவர் காதுக்கு நேரே அல்லவா அந்தக் கதவு ஊளையிடப் போகிறது? 'அசரியா வண்டி மாதிரி வருமா' என்று அவர் ஒரு வார்த்தை நினைத்துவிட்டால்? அந்த நினைப்பே வில்பிரட்டுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

திங்கட்கிழமை தன் கையாலேயே வைத்தியம் பார்த்தார். பழைய சைக்கிள் டியூபை நீளநீளமாகக் கத்தரித்து, பங்க்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி, கண்ணாடியையும் கதவையும் சுற்றி இருந்த பழைய ரப்பர் மேல் ஒட்டினார். கை, சட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாம் ஒட்டிக்கொண்டன. மாலையில் ரத்தினபாயை ஏற்றிக்கொண்டு முடிச்சூர் சாலையில் ஓட்டிப் பார்த்தார்.

நாற்பது. "உய்ய்ய்ங்." கூடவே அடித்தொண்டையில், "பொர்ர்ர்."

"முன்னாடி ஒரு குரல்தான் இருந்துச்சு," என்றாள் ரத்தினபாய். "இப்ப பேஸும் சேர்ந்துடுச்சு. ஆல்ட்டோ ஒண்ணு வந்துட்டா கொயர்லயே சேர்த்துடலாம்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பம்மலில் குப்புராஜ் ஷெட்டுக்கு வண்டியை விட்டார். குப்புராஜ் கெட்டிக்கார மெக்கானிக். ஒரே குறை, வருகிறவர் சொல்வதை அப்படியே செய்வார்.

ஷெட் வாசலில் வில்பிரட் பிரேக்கை அழுத்தினார். உள்ளே அசரியாவின் கார் நின்றது. இடது முன் கதவு திறந்து கிடந்தது. கதவு ரப்பர் முழுதும் உரிக்கப்பட்டு, செத்த சாரைப்பாம்பு போலத் தரையில் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் அசரியா!

"அடடே, பிரதர்!" அசரியாவின் முகம் வெளுத்தது. "சும்மா... ஒரு சின்ன சர்வீஸ்."

"அப்படியா, பிரதர்?"

"ஆமா, பிரதர்."

"நல்லது, பிரதர்."

அவசர வேலை இருப்பதாகச் சொல்லி அசரியா நழுவிப் போய் ஆட்டோ பிடித்தார். வில்பிரட்டுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஏற்கெனவே டிக் டிக் கேட்கிற காருக்கு இன்னும் உயர்ந்த ரப்பர் போடுகிறான்! வாய்ப்பு கை மாறிய பிறகும் விடமாட்டேன் என்கிறான்! இது என்ன வயிற்றெரிச்சல்? ஒரு விசுவாசிக்கு இவ்வளவு பொறாமை ஆகுமா? அடுத்தவர் பொறாமை என்றால் வில்பிரட்டுக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

"குப்புராஜ், அந்த வண்டியில ரப்பரை ஏன் கழட்டியிருக்கே?"

"அத்த இன்னான்னு சொல்றது சார்? அவரு சொல்றதே ஒரே பேஜாரா கீது. அவரு இன்னா கேட்டாருன்னா..."

"வேண்டாம்! எனக்குத் தெரிய வேண்டாம். அவர் என்ன கேட்டிருந்தாலும் சரி, அதைவிட ஒரு படி மேல எனக்குப் பண்ணு. ஒரு பொட்டுக் காத்து உள்ள வரக் கூடாது."

"அதுக்கில்ல சார், அவரு..."

"பொட்டுக் காத்து!"

குப்புராஜ் தோளைக் குலுக்கினார். நமக்கென்ன வந்தது, கேட்டதைச் செய்வோம் என்று கதவைச் சுற்றிவந்தார். சைக்கிள் டியூபைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"புது ரப்பர் போட்டாலும் இந்தச் சந்து அடையாது சார். கதவு கொஞ்சம் வளைஞ்சுகினு கீது. உள்ள மெத்துனு ஒண்ணு வச்சு அடைக்கணும். நம்ம பக்கத்துத் தோல் கம்பெனில துண்டுத் தோலு கீது. இன்னும் முழுசா பதமாவல, அதான் பஞ்சு மாதிரி இருக்கும். வச்சுட்டா உள்ள கொசு கூட வராது."

"வை!"

புதன்கிழமை வண்டி வந்தது. கதவைச் சாத்த இரண்டு பேர் இடுப்பால் முட்ட வேண்டியிருந்தது. ஆனால் நாற்பதில், ஐம்பதில், ஏன், அறுபதிலும் கப்சிப்! வில்பிரட் தன் கைக்கடிகாரத்தைக் காதோரம் தூக்கினார். டிக் டிக். ஆனந்தத்தில் ரத்தினபாயைப் பார்த்தார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"உங்களுக்கு ஜலதோஷமாங்க? செத்த ஆட்டை உள்ள வச்சுத் தச்ச மாதிரி நாறுது."

வாடை உள்ளே மட்டும் இல்லை. சேலையூர் திருப்பத்தில் ஒரு நாய் மோப்பம் பிடித்தது. ஏரிக்கரைக்கு வருவதற்குள் பின்னால் ஐந்து நாய்களாகிவிட்டன. வீட்டு வாசலில் இறங்கும்போது ஏழு நாய்கள் இடது கதவுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து நாக்கைத் தொங்கவிட்டன.

"பரவாயில்லை," என்றார் வில்பிரட். "சத்தம் இல்லை பார்த்தியா?"

"நாய் குரைக்கிற சத்தத்துல கதவுச் சத்தம் எங்க கேக்கும்?"

வியாழனும் வெள்ளியும் வாடையோடு போரிட்டார். ரத்தினபாயின் யூடிகொலோன் சென்ட் ஒரு பாட்டில் தீர்ந்தது. ஊதுபத்தி கொளுத்திக் கதவில் செருகினார். அது தோலைப் பொசுக்கியதில், பழைய வாடையோடு கருகல் வாடையும் சேர்ந்தது. சனிக்கிழமை, வருவது வரட்டும் என்று சோப்புத் தூளைக் கரைத்து அந்தக் கதவை மட்டும் ஏழு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். வாடை பாதி குறைந்தது. நாய்களும் மனம் வெறுத்துப் போய்விட்டன. வெயிலில் வண்டி பளபளவென்று மின்னியது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது மறுநாள்தான் முடிந்தது. பதமாகாத தோல், தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சத்தமில்லாமல் உப்பிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை கோயில் மணி அடிக்கிற சின்னப்பனையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்தில் பேராயர் வீட்டுக்குப் போனார். மணி அடிப்பதிலிருந்து கமிட்டிக்குக் காபி கொடுப்பது, தபால் வாங்கி வைப்பது வரை சபையில் எல்லாம் சின்னப்பன்தான். ஆராதனையில் பேராயர் ஏந்துகிற கோலைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு வருவதும் அவர் பொறுப்பு.

பேராயர் வெள்ளை அங்கியில் வந்தார். இடது கதவை வில்பிரட் இழுத்தார், வரவில்லை. சின்னப்பனும் சேர்ந்து இழுக்க, "பொளக்" என்று திறந்துகொண்டது. பேராயர் உட்கார்ந்தார். இருவரும் முட்டிச் சாத்தினார்கள்.

கிண்டி தாண்டியது. பேராயர் ஏனோ ஜன்னல் பக்கமாகத் தலையைச் சாய்த்து எதையோ எதிர்பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். வில்பிரட் ஐம்பதைத் தொட்டார். நிசப்தம்.

"வண்டி ரொம்ப அமைதியா இருக்கே," என்றார் பேராயர் மெல்லிய குரலில்.

வில்பிரட்டுக்குக் காது குளிர்ந்தது. இந்த ஒரு சொல்லுக்காக அல்லவா இத்தனை பாடு! "ஐயா, நீங்க சும்மா பேசினாலே போதும், கத்த வேண்டாம். நான் பேசுறதும் உங்களுக்கு ஒரு எழுத்து விடாம கேக்கும்!" என்று ஆரம்பித்தார்.

ஆரம்பித்தார் என்றா சொன்னேன்? அணை உடைந்தது. இருபத்தாறு வருஷப் பூகோளம். கொயரில் தனக்குத் தனிப்பாட்டு தராத சதி. அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் தான் கேட்ட பூசணிக்காயை அசரியா தட்டிப் பறித்த வரலாறு. அந்தப் பூசணிக்காயின் அளவு. தொப்புளுக்கு அடியில் வந்த கட்டிக்கு டாக்டர் சொன்ன பத்தியம். மீனம்பாக்கத்தில் பேராயர் கைக்குட்டையை எடுத்தார். கத்திரி வெயில், காற்றுப் புகாத கார், கொலோனில் ஊறிய அரைவேக்காட்டுத் தோல்.

"கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கலாமா?"

"தாராளமா, ஐயா!"

பேராயர் கைப்பிடியைச் சுற்றினார். உப்பிய தோல் கண்ணாடியைக் கவ்விப் பிடித்திருந்தது. இன்னும் அழுத்திச் சுற்றினார். கைப்பிடி கழன்று அவர் கையிலேயே வந்துவிட்டது.

"பயப்படாதீங்க, ஐயா. காத்து ஒரு பொட்டு வராது!" என்றார் வில்பிரட் பெருமையாக. "இப்ப அசரியா வண்டின்னு வச்சுக்குங்க..."

பின் சீட்டில் சின்னப்பன் கோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், எல்லா இடத்திலும் வில்பிரட் மூச்சு விடாமல் பேசினார்.

கோயில் வாசலில் கொயர் தயாராக நின்றது. வெள்ளை உடுப்பில் பிள்ளைகள், ரோஜா மாலையோடு ஆயர் எட்மண்ட். ஓரமாக, ஒன்றுமறியாத பூனை போல அசரியா. வண்டி நின்றதும் வரவேற்புப் பாட்டு ஆரம்பித்தது. வில்பிரட் ஓடிவந்து இடது கதவை இழுத்தார்.

கதவு அசையவில்லை. சொல்யூஷன் வெயிலில் உருகி, தோலோடு கூடிக் கலந்து, கதவைச் சுவராக்கிவிட்டது. ஆயர் இழுத்தார். கமிட்டி இழுத்தது. உள்ளிருந்து பேராயர் தள்ளினார். பாட்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மூன்றாம் முறையும் பாடி முடித்தார்கள். கடைசியில் திருச்சபையின் பேராயர், அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, கியர் கம்பியைத் தாண்டி, டிரைவர் பக்கக் கதவு வழியாகத் தலைகீழாக இறங்கினார். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ இரண்டு நாய்கள் வந்து அவர் அங்கியை முகர்ந்தன.

ரத்தினபாய் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆனாலும் வில்பிரட் மனம் தளரவில்லை. மதியச் சாப்பாட்டில் பக்கத்து நாற்காலி அவருக்குத்தான். பூசணிக்காய்க் கதையின் மிச்சத்தைச் சொல்லி முடித்தார். குரூப் போட்டோவிலும் பக்கத்து இடம். போட்டோக்காரர் "ரெடி" என்றபோது பேராயர் கைக்குட்டையை மூக்கில் வைத்து மறுபக்கம் சாய்ந்துவிட்டார், அவ்வளவுதான். படம் படம்தானே! ஆணி ஆணிதானே!

குப்புராஜ் அனுப்பிய கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்து, சீட்டைத் துடைத்து, வில்பிரட் தயாராக நின்றார். பேராயர் வெளியே வந்தார். வில்பிரட்டைப் பார்த்தார். கடப்பாரையைப் பார்த்தார். விறுவிறுவென்று மறுபக்கம் நடந்தார்.

"அசரியா, உங்க வண்டியிலயே போயிடலாமா?"

"ஐயா சித்தம்!" அசரியா ஏற்கெனவே கதவைத் திறந்து வைத்திருந்தார்.

வில்பிரட் நின்ற இடத்திலேயே நின்றார். அழுகையே வந்துவிட்டது அவருக்கு. யார் கூட்டி வருகிறாரோ அவரே கொண்டுபோய் விடுவதுதானே வழக்கம்? தாம்பரத்தில் இப்படி ஓர் அநியாயம் நடந்ததுண்டா? அசரியாவின் கார் தெருமுனை திரும்பி ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகமெடுத்தது. அடுத்த நொடி, கோயில் வாசல் வரை கேட்டது:

"உய்ய்ய்ய்ய்ய்ங்!"

தன் கதவு போட்ட ஊளையைப் போலப் பத்து மடங்கு. உள்ளே அசரியா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வதும், பக்கத்தில் பேராயர் புன்னகையோடு கண்ணை மூடிக்கொள்வதும் தூரத்தில் மங்கலாகத் தெரிந்தது.

"சின்னப்பா! என்னய்யா இது? அவர் வண்டியில சத்தமே வராதே?"

"குப்புராஜாண்ட குடுத்து ரப்பரை உருவிப் போடச் சொன்னாரு சார். முந்தாநேத்து ஓட்டிப் பாத்துட்டு இன்னும் பத்தல, இன்னும் ரெண்டு ஓட்டை போடுன்னாரு."

"பைத்தியமா அவருக்கு? எதுக்கு?"

"பிஷப் ஊட்டுலேர்ந்து வந்த கடுதாசிய என்னாண்ட கேட்டாரு, காட்டுனேன். நீங்கதான் கேக்கவே இல்லியே."

"கடுதாசியில அப்படி என்னய்யா இருந்தது?"

சின்னப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாலு வருசமா அசரியா சார் பேச்சக் கேட்டுக் கேட்டு பிஷப்பு நொந்துட்டாரு சார், அதான் இந்தத் தபா, பக்கத்துல பேசுறது காதுல வுழாத மாதிரி காத்து ஊளையுடுற வண்டியா ஒண்ணு அனுப்புங்கன்னு எழுதியிருந்தாரு!"